விரலூர்ப் பத்திரம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

பதினான்கு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். முதல் மூன்று முறை மணி அடித்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று வார்டு நர்ஸ் சொன்னாள். அதனால் காகிதத்துக்கு வந்துவிட்டேன். தபால்காரரைத் தடுக்க உங்கள் ஆபீசில் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உடைந்த கை, தீப்பட்ட கை, மெஷினில் மாட்டிய கை என்று இந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்கு வருகிற எல்லாக் கைகளும் பயிற்சிக்கு என் மேஜைக்குத்தான் வரும். இருபது வருடமாக அந்த மேஜையில் விரித்து வைத்திருப்பது விரலூர் வரைபடம். ஒன்பது வயதில் உன் மோதிர விரல் நசுங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு நீ கிடந்தபோது, உனக்காக நான் செய்த ஊர். விரல்களே அதில் ஆட்கள். கட்டை விரல் தடியன், அடுத்தவன் நாட்டாமை, நடுவில் நெட்டையன், சுண்டு விரல் வாலு. தானாக எழுந்திருக்க முடியாத உன் மோதிர விரலுக்குச் சோம்பேறி என்று பெயர். சோம்பேறி பாலம் ஏற வேண்டுமென்றால் நெட்டையனும் வாலும் இரண்டு பக்கமும் தூக்கிவிட வேண்டும். குளத்தில் கால் வைத்தவன், கால் காயும்வரை, பத்து எண்ணித் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் கடிதத்தில் இருக்கட்டும்.

போன வருடம் ஆஸ்பத்திரி இதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்தது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. இது என் சொந்தக் கற்பனை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். போன மாதம் ஒரு பெண் குழந்தை, பதினோராம் நம்பர் கட்டில், சோம்பேறியை முதல் தடவையாக அரை அங்குலம் தூக்கினாள். அவள் அம்மாவின் சம்மதத்தோடு அதைப் படம் பிடித்து ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். அரை மணி நேரத்தில் படத்தைக் காணோம். உங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர், தானே பார்த்து, தானே தீர்ப்புச் சொல்லி, தானே தூக்கிவிட்டதாம். நான்கு நாள் கழித்து வக்கீல் நோட்டீஸ். உங்கள் ஆன்லைன் கேமை நான் திருடிவிட்டேன் என்று.

“ஆன்ட்டி, இது போன்ல இருக்கிற கேமாச்சே. நீங்க காப்பி அடிச்சிட்டீங்களா?” என்று பதினோராம் கட்டில் கேட்டாள். அவள் போனில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதே தடியன், அதே வாலு. ஊரின் பெயரைக்கூட மாற்றவில்லை. என்ன கேம் செய்கிறாய் என்று கேட்டபோதெல்லாம் “உனக்குப் புரியாதுக்கா” என்பாயே, இப்போது புரிந்துவிட்டது. உன் பேட்டியையும் பார்த்தேன். சோம்பேறியின் விதி உனக்குக் குளிக்கும்போது தோன்றியதாமே.

மார்ச் 20 அன்று ஆஸ்பத்திரியில் என்மேல் விசாரணை. அதுவரை வரைபடத்தை விரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உன்னிடமிருந்து ஒரு பக்கம் போதும். விரலூரைச் செய்தது என் அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நம்பரைத் தடுத்ததற்கு மன்னித்துக்கொள். நோட்டீஸ் போன அன்றே வக்கீல் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த விஷயமாக யாரிடமும் போனில் பேசக் கூடாது, செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் நாளைக்குச் சாட்சியாக வந்து நிற்கும் என்று. நீ காகிதத்தில் எழுதியது நல்லதாயிற்று. இனியும் இப்படியே எழுது. ஆபீஸ் விலாசத்துக்கு வேண்டாம், வீட்டுக்கு அனுப்பு. படித்ததும் கிழித்துவிடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்திரமாக வை.

நோட்டீஸ் அனுப்பச் சொன்னது நான் இல்லை. அதை நீ நம்ப வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் போகும். யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. உன் ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரிந்தபோது தபாலே போய்விட்டது.

ஒன்றை நிதானமாக யோசித்துப் பார். கருத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஓடிப்பிடித்து விளையாடுவதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? அவருக்கு யாராவது உரிமைத்தொகை கொடுக்கிறார்களா? உன் காகிதத்தில் இருந்தது ஐந்து தெரு, ஒரு குளம், ஒரு பாலம். நாங்கள் நாற்பத்திரண்டு பேர் மூன்று வருடம் வேலை செய்திருக்கிறோம். கூரையில் மழை சொட்டுகிற சத்தத்துக்கு மட்டும் ஒருவர் நான்கு மாதம் உட்கார்ந்தார். பல நாடுகளில் ஒரே நேரத்தில் லட்சம் பேர் ஒரே ஊருக்குள் நடக்கிறார்கள், யார் விரலும் யார் விரலையும் மோதாமல். அது உன் பென்சில் கோட்டில் இருந்து வந்ததா?

நீ கேட்கிற அந்த ஒரு பக்கத்தை என்னால் எழுத முடியாது. வேலையில் சேர்ந்தபோது, நான் கொண்டுவருகிற எல்லாமே என் சொந்தச் சரக்கு, வேறு யாருக்கும் அதில் பங்கில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது இல்லை என்று எழுதினால் வேலை போவதோடு நிற்காது, என்மேலேயே வழக்குப் போடுவார்கள். எனக்கு நாற்பது வயது. இந்தத் தொழிலில் நாற்பது என்றால் வாசலில் நிற்கிறவன்.

நீ கொஞ்சம் விட்டுக்கொடேன். பெயர்களை மாற்று, குளத்தை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போடு. எங்கோ பார்த்தது மனதில் தங்கிவிட்டது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று விசாரணையில் சொல். உன் மேல் எல்லாருக்கும் மதிப்பு உண்டு. ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

உன் தம்பி

*

பிப்ரவரி 18

தம்பிக்கு,

எங்கோ பார்த்தது என் மனதில் தங்கிவிட்டதாம். நன்றாக இருக்கிறதடா! உன்னைப் பார்த்ததுதான் என் மனதில் தங்கியது. வேறெதை நான் பார்த்தேன்?

கருத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்கிறாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் பதினோராம் கட்டிலின் படத்தை எந்தக் கணக்கில் தூக்கினீர்கள்? அதில் உங்கள் மழைச் சத்தம் இல்லை. உங்கள் லட்சம் பேர் இல்லை. ஒரு குழந்தையின் கை, ஒரு பென்சில் படம், இவ்வளவுதான். என்னிடமிருந்து எடுக்கும்போது அது வெறும் கருத்து. உங்களிடம் வந்து சேர்ந்ததும் சொத்தாகிவிடுகிறது. இந்த மந்திரத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு.

நானும் விளையாடிப் பார்த்தேன். கடைசி வரை போனால்தான் செய்தவர்கள் பெயர் வரும் என்றார்கள். ஆறு நாள், சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து விளையாடினேன். நர்ஸ்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள், இந்த வயதில் எப்படி இவ்வளவு வேகம் என்று. எல்லாச் சந்தும் எனக்குத் தெரியுமே. முடித்த பிறகு பெயர்கள் ஓடின. மழைச் சத்தக்காரர் பெயர் வந்தது. உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த கடையின் பெயர்கூட வந்தது. மூன்று முறை திருப்பி ஓடவிட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடைக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம்கூட நான் விழுங்கிவிடுவேன். குளத்தை என்ன செய்து வைத்திருக்கிறாய்? பத்து எண்ணுவதைப் பத்து நிமிடம் ஆக்கியிருக்கிறாய். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் காசு கட்டி உடனே கால் காய வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்து எண்ணிக்கையில்தானடா மருந்தே இருக்கிறது. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம்தான் அந்த விரலுக்கு உயிர் வருகிற நேரம். உனக்கு அப்படித்தான் வந்தது. ஆறில் அழுவாய், எட்டில் என்னைத் திட்டுவாய், பத்தில் சிரிப்பாய். அதை விற்கத் தோன்றியதே உனக்கு.

பெயரை மாற்று, குளத்தை எடு என்கிறாய். என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, நீ வேண்டுமானால் உன் மூக்கை மாற்றிக்கொள் என்பது போல இருக்கிறது.

உனக்கு வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாய். அது எனக்கும் உறுத்துகிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதனால் உன் கையெழுத்து வேண்டாம். நீ வேலைக்குப் புறப்பட்டுப் போனபோது, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அந்த முதல் வரைபடத்தைக் கொடுத்தேனே, அதை மட்டும் அனுப்பு. அப்பா ஆபீசில் வீணாய்ப் போன பத்திரத்தின் பின்பக்கம் வரைந்தது. முன்பக்கத்தில் தேதி இருக்கும். எனக்கு அது போதும், உன் பெயரே இதில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்கா,

உன் இரண்டு கடிதத்தையும் எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறாய். தேதி, தெரு, குளம், நான் எத்தனையாவது எண்ணிக்கையில் அழுதேன் என்பது வரை. ஒன்றை மட்டும் இரண்டிலும் காணோம். என் விரல் எப்படி நசுங்கியது?

நான் எழுதுகிறேன். மத்தியான நேரம். நான் உன் பின்னாலேயே வந்தேன். நீ அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாய். என் கை கதவு நிலையில் இருந்தது. அம்மா ஓடிவந்தபோது “காத்துல சாத்திக்கிச்சும்மா” என்று சொன்னாய். என்னைப் பார்த்தாய். நானும் “ஆமாம்மா, காத்துதான்” என்றேன். ஒன்பது வயது எனக்கு. அம்மா அடுத்த நாளே ஆளைக் கூப்பிட்டு, காற்று வந்த வழி என்று அந்த அறை ஜன்னலுக்கு ஆணி அடிக்கச் சொன்னாள். சாகும்வரை அந்த ஜன்னலைத்தான் திட்டினாள். முப்பத்தொரு வருடமாக நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீ திருட்டு என்று எழுதுகிறாயே, அதனால் கேட்கிறேன், என்னிடமிருந்து போனதற்கு என்ன பெயர்?

அந்த விளையாட்டை எனக்காகச் செய்தாய் என்கிறாய். உன் குற்ற உணர்ச்சிக்காகச் செய்தாய். சோம்பேறி ஏன் தானாக எழ மாட்டான்? என் விரல் எழவில்லை, அதனால். பாலம் ஏன் அவ்வளவு அகலம்? என் விரல் அவ்வளவுதான் விரிந்தது, அதனால். ஒவ்வொரு விதியையும் நீ என் வலியை அளந்து எழுதினாய். நீ எழுதினாய், நான் அனுபவித்தேன். அதில் எனக்குப் பாதிகூடக் கிடையாதா?

டின் என்னிடம் இல்லை. வக்கீலிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அதில் வரைபடத்துக்குக் கீழே இன்னொரு காகிதமும் இருந்தது. உனக்கு மறந்திருக்கும். கட்டுப் பிரித்த அன்று, இனி ஊரைத் திரும்ப எடுத்துக்கொள்வாயா என்று நான் அழுதேன். நீ உட்கார்ந்து, பத்திரம் எழுதுகிற அப்பாவைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், எனக்கு ஒரு தானப் பத்திரம் எழுதினாய். “விரலூர் என்னும் ஊரும், அதில் அடங்கிய ஐந்து தெருக்கள், குளம் ஒன்று, பாலம் ஒன்று யாவும் இன்று முதல் என் தம்பிக்கே பாத்தியம். வடக்கில் தலையணை, தெற்கில் கட்டில் கால், கிழக்கில் ஜன்னல், மேற்கில் அம்மாவின் தையல் மெஷின், இதற்கு உட்பட்டது. என் தம்பி சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. நான் இதில் யாதொரு பாத்தியமும் கோர மாட்டேன்.” அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வக்கீலும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டாவது முறை படித்தார். எழுதியவர் அப்போது மைனர், அதனால் செல்லாது, ஆனால் இப்போது அவரே உறுதி செய்து கையெழுத்துப் போட்டால் செல்லும் என்றார். அந்த உறுதிப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் வரைபடத்தை விரிக்க அனுமதியும் தருவார்கள். ‘நிறுவனத்தின் சொத்து, அனுமதியுடன் பயன்படுத்தப்படுகிறது’ என்று அடியில் ஒரு வரி போட வேண்டும், அவ்வளவுதான்.

உன் வேலையும் இருக்கும், என் வேலையும் இருக்கும்.

தம்பி

*

மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. பேனாவை எடுப்பேன், வைப்பேன். வேலையில் யாரோ என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

கதவைப் பற்றி நீ எழுதியது உண்மை. ஆனால் முழுக்க உண்மை இல்லை, மீதியை நான் எழுதுகிறேன். நீ என் பின்னாலேயே வருவாய். படிக்க உட்கார்ந்தால் வருவாய், தோழியோடு பேசினால் வருவாய், குளியலறை வாசலில்கூட வந்து நிற்பாய். அன்றைக்கு எனக்குத் தாங்க முடியவில்லை. பார்க்காமல் சாத்தினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன்டா. உன் கை நிலையில் இருந்ததைப் பார்த்தேன். நீயே எடுத்துவிடுவாய் என்று நினைத்துச் சாத்தினேன். நீ எடுக்கவில்லை. அக்கா சாத்த மாட்டாள் என்று நீ நினைத்திருக்கிறாய்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இத்தனை வேலை இருக்க, போயும் போயும் நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று நீ கேட்டதே இல்லை.

முதல் வாரம் நான் பயத்தில்தான் விளையாடினேன், அதை மறைக்கவில்லை. நீ அம்மாவிடம் சொல்லிவிடுவாயோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு தெரு வரைந்தேன். ஆனால் இரண்டாவது வாரம் வாலுக்குச் சொந்தமாக ஒரு தபாலாபீஸ் வேண்டும் என்று நீ கேட்டாய். அன்றைக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கே அந்த ஊர் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்று சோம்பேறியை எப்படி எழுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் நானாகச் செய்தது அது ஒன்றுதான். குற்ற உணர்ச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய்.

அதில் உனக்குப் பாதி கிடையாதா என்று கேட்கிறாய். பாதி என்ன, முக்கால்வாசி எடுத்துக்கொள். நீ கேட்டிருந்தால் முழுதும் கொடுத்திருப்பேன். “அக்கா, நம்ம ஊரை வைத்து ஒரு கேம் செய்யப் போகிறேன்” என்று ஒரு போன். வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். நீ கேட்கவில்லை. எடுத்தாய். எடுத்துவிட்டு, குளிக்கும்போது தோன்றியது என்றாய். இப்போது நான் சின்ன வயதில் உன் அழுகையை நிறுத்த எழுதிக் கொடுத்த காகிதத்தை வக்கீல் மேஜையில் வைத்திருக்கிறாய். அப்பா சிரித்த சிரிப்புக்கும் ஒரு சாட்சி நம்பர் கொடுத்திருப்பார்கள், இல்லையா?

நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உன்னை ஒன்று கேட்கிறேன். கடிதமும் வேண்டாம், டின்னும் வேண்டாம். இருபதாம் தேதி நீ நேரில் வா. ஒன்றும் பேச வேண்டாம். உன் கையை விசாரணை மேஜையில் வைத்து, அந்த விரலைத் தூக்கிக் காட்டு. நான் கற்றுக்கொடுத்தபடி, நெட்டையனும் வாலும் இரண்டு பக்கமும் கைகொடுக்க. விசாரிக்கிறவர்கள் டாக்டர்கள். பார்த்தால் புரிந்துகொள்வார்கள். வருவாய்தானே?

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

வர முடியாது. இருபதாம் தேதி கேமின் புதுப் பதிப்பு வெளியாகிறது. அது சாக்கு என்றுதான் நீ சொல்வாய். சாக்குதான். நான் அந்த அறைக்குள் வந்தேன் என்று தெரிந்தால் அன்றைக்கே என் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து நீ திட்டுவதைவிட இப்போதே தெரிந்துகொள். கதவு விஷயம் வக்கீலுக்குத் தெரியும். ஏன் உன் அக்கா இவ்வளவு தூரம் மெனக்கெட்டாள் என்று கேட்டார், சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் எழுதிக்கொள்வதைப் பார்த்தேன். நீ கையெழுத்துப் போடவில்லையென்றால் அதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார்கள். குழந்தைகளின் கையைக் கவனிக்கிறவர், ஒரு குழந்தையின் கையை நசுக்கிவிட்டு மறைத்தவர் என்று. நான் வேண்டாம் என்று சொன்னேன். என் பேச்சு அங்கே அவ்வளவு எடுபடாது.

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உன்னைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

பத்திரத்தில் ‘பிரதிபலன்’ என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். எதற்கு ஈடாக எழுதிக் கொடுத்தாய் என்று அதில் ஏதாவது எழுதினால்தான் செல்லுமாம். தொகையை நீயே போட்டுக்கொள். கொஞ்சம் பெரிதாகவே போடு. பேரம் பேச மாட்டார்கள், நான் கேட்டுவிட்டேன். சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும்.

தயவுசெய்து போட்டு அனுப்பு.

தம்பி

*

மார்ச் 22

விசாரணை முடிந்தது. நீ கேட்க மாட்டாய், நானே எழுதுகிறேன்.

நீள மேஜை, அந்தப் பக்கம் நான்கு பேர். எனக்கு ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர். உங்கள் வக்கீலின் உறை அதற்குள் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் யாரும் பிரிக்கவில்லை. அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். கதவைச் சொன்னேன். பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன் என்பதையும் சொன்னேன். காற்று என்று பொய் சொன்னதையும், அம்மா அடித்த ஆணியையும் சொன்னேன். உங்கள் வக்கீல் பூட்டி வைத்திருந்த ஆயுதத்தை என் கையாலேயே எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். இனி அதை வைத்துக்கொண்டு அவர் வேறு யாரையாவது பயமுறுத்தட்டும்.

பிறகு விரலூரைச் சொன்னேன். விசாரணைத் தலைவி கவனமாகக் கேட்டார். நான் சொல்வதை நம்பினார் என்றே நினைக்கிறேன். கடைசியில், “நம்பறது வேற, ஃபைல்ல வைக்கறது வேற. ஏதாவது ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார். ஒரு தம்பி இருக்கிறான் என்று வாய் வரை வந்தது. இல்லை என்றேன்.

பிறருடைய படைப்பைத் தன்னுடையது என்று தவறாகக் கருதிவிட்டார் என்று பதிவு செய்திருக்கிறார்கள். எச்சரிக்கை. புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். நீ சொன்னபடியே நடந்திருக்கிறது, சந்தோஷப்படு. இன்னொன்றும் நடந்தது, அதை நீயும் யோசித்திருக்க மாட்டாய். கதவு விஷயம் வெளியே தெரிந்தால் தாய்மார்கள் பயப்படுவார்கள் என்று என்னைக் குழந்தைகள் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளையிலிருந்து பெரியவர்களின் முழங்கால். என் மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வருகிறாள். கெட்டிக்காரி. பத்து எண்ணச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பதினோராம் கட்டிலுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. அதற்குள் அந்த விரல் முழுதாக எழவில்லையென்றால் பிறகு எழவே எழாது. இரண்டு மாதமாக வரைபடத்தைப் பூட்டி வைத்ததில், தூக்கிய அரை அங்குலமும் போய்விட்டது. ரப்பர் பந்தைக் கொடுத்தால் சுவரில் எறிகிறாள். “ஊர் வந்தா செய்றேன்” என்கிறாள். ஊர் வர வேண்டுமென்றால் உங்கள் அனுமதி வர வேண்டும். உங்கள் அனுமதி வர என் கையெழுத்து வேண்டும்.

போட்டுவிட்டேன். இதோடு இருக்கிறது. சாட்சிகள் இரண்டு பேர், நர்ஸ் ஒருத்தி, வார்டைக் கூட்டுகிறவர் ஒருவர். எதற்கு என்று கேட்காமல் போட்டார்கள். உனக்காகப் போட்டேன் என்று நினைத்துவிடாதே. கதவு விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயத்திலும் இல்லை. நீ சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்.

கையெழுத்துப் போடுமுன் உன் கடிதங்கள் மூன்றையும் திரும்பப் படித்தேன். வேலை இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், வழக்கு இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் அக்கா என்று ஒரு வரி எங்காவது இருக்கும் என்று தேடினேன். முகவரி எழுதிய உறையைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

காலியாக விட்ட இடத்தில் தொகை எழுதச் சொன்னாய். எழுதியிருக்கிறேன். எழுத்துத் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் உங்கள் வக்கீல் புரியவில்லை என்று சொல்லக்கூடும். நீயே வாசித்துக் காட்டு. “இதற்குப் பிரதிபலனாக, என் தம்பியின் வலது கை மோதிர விரல் ஒன்று. இதை முப்பத்தொரு வருடங்களுக்கு முன்பே முழுமையாகப் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு வர வேண்டியது ஒன்றும் இல்லை.” அடித்துத் திருத்தித் தரச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடு. ஒரு தடவைதான் எழுதுவேன்.

இதற்குப் பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
எழுதிக் கொடுத்தவர்